மலைவேங்கை ஆன்லைனில் இருக்கிறார்

— இன்னொரு தபா படி. கடைசி வரியை மட்டும்.

— "பெரியவர் எழுதுவது உண்மையென்றால், செத்துப்போன மகன் தினமும் காலை பத்து மணிக்கு எப்படி ஆட வருகிறான்?" அவ்ளோதான், சின்ன மாமா. கீழ நாப்பத்தோரு பேரு சிரிச்சிருக்காங்க.

— சிரிச்சிருக்காங்கன்னு எழுத்துல எப்படித் தெரியும்?

— சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு போடுவாங்க. மஞ்சளா, வட்டமா.

— கேட்டியா அண்ணா? நம்ம புருசோத்து சாவு அவனுங்களுக்கு மஞ்ச மூஞ்சி போட்ற சமாச்சாரமாப் பூட்ச்சு.

— கேட்டேன், துரை. நேத்தே படிச்சிட்டேன். நூறு தபா படிச்சாலும் எழுத்து மாறாது. கீழ போலாம் வா. வெயில் ஏறுது.

— போறதா? பத்து மணி தாண்டாம இந்தப் பாறையை வுட்டு ஒருத்தரும் எறங்கக்கூடாது. ஞாயம்னா ஞாயம். மத்தியானம் ஊர் கூடும். நடுவுல நின்னு நான் சொல்லணும். எனக்குப் படிப்பு இல்ல, அதான் உன் போனைக் குடுத்து மருமவளைப் படிக்கச் சொல்றேன். யார் மேல பிராதோ அவ வாயாலயே வரட்டும்.

— என் மேல இன்னா பிராது, சின்ன மாமா? சாமைக் கொல்லையில களை எடுத்துனு இருந்தவளைப் பாறைக்கு இட்னு வந்துட்டீங்க. நேத்து சாயங்காலமே என் போனை வாங்கிப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டீங்க. இன்னா தப்புன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல.

— சொல்றேன். மொதல்ல அது இன்னா கூட்டம், அதைச் சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி.

— பொத்தான் மன்றம்னு பேரு. போன்லயே நடக்கிற கூட்டம். புதுசா ஒரு போன் வந்தாலும், கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கண்டுபுடிச்சாலும், வீடியோ கேமுக்குச் சட்டம் வந்தாலும் அங்க போய் எழுதுவாங்க. ஒருத்தர் எழுதுனா நூறு பேரு மேல வுழுந்து அடிச்சிக்குவாங்க.

— அடிச்சிக்கிறதில்ல, ரேணுகா. வாதம் பண்றது. வார்த்தையைச் சரியாச் சொல்லு.

— சரிங்க மாமா. வாதம். மாமா அதுல 'மலைத் தபால்'னு பேரு வெச்சினு எழுதறாரு. ஒரு வருசத்துக்கு மேல ஆவுது.

— தபால் சுமந்தவன், அதான் அந்தப் பேரு. முப்பத்திரண்டு வருசம். எட்டு ஊருக்கு ஏறி எறங்கியிருக்கேன். ஒரு கடுதாசியைப் பிரிச்சான் ரங்கசாமின்னு எவனும் சொன்னதில்ல.

— உன்னை யாருண்ணா சொன்னாங்க? உன் பேரை நம்பித்தான் எட்டு ஊரும் கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வெச்சிருக்கு. திங்கக்கெழமை நீ கலெக்டர் ஆபீசுல, போன் ஆட்டத்துக்குச் சட்டம் கேட்டு அந்த மனுவைக் குடுக்கப் போற. அதுக்குள்ள இந்த அசிங்கம். மருமவளே, அண்ணன் மொதமொதல்ல எழுதுனதைப் படி.

— வேணாம் துரை.

— ஊருக்குச் சொல்லணும்ணா. படிம்மா.

— "மன்றத்தாருக்கு வணக்கம். நான் ஜவ்வாது மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பாறையின் மேல் மட்டும்தான் டவர் கிடைக்கும். என் மகன் புருஷோத்தமன், வயது முப்பத்தொன்று, அந்தப் பாறையின் மேல் நின்று போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடினான். காதை அடைத்துக்கொண்டிருந்தான். கண் ஆட்டத்தில் இருந்தது. ஓர் அடி பின்னால் வைத்தான். பின்னால் பாறை இல்லை." அப்பால... மாமா, நான் இதோட நிறுத்திக்கிறேன்.

— நிறுத்திக்கோ. ஓரத்துல ஒக்காராத, உள்ள தள்ளி வா.

— நல்லாத்தான எழுதியிருக்காரு. இதுக்கு எதுக்கு சண்டை?

— சண்டை அங்க இல்ல, சின்ன மாமா. அதுக்குக் கீழ, மாமா சட்டம் கேட்டிருக்காரு. காசு கட்டி ஆடுறதுக்குத்தான் சட்டம் வந்திருக்கு, சும்மா ஆடுற ஆட்டத்துக்கும் வேணும்னு. வயசுக் கணக்கு வேணும், இத்தனை மணி நேரம்னு இருக்கணும், அதுக்கு மேல ஆட்டம் தானா நின்னுடணும்னு. அங்க 'கன்சோல் காளை'ன்னு ஒருத்தன் கீறான். அவன் புடிச்சிக்கினான்.

— காளையா? பேரைப் பாரு. இன்னா சொன்னான்?

— "பெரியவரே, உங்கள் மகனைக் கொன்றது கேமா, டவர் இல்லாததா? வீட்டுக்குள் டவர் கிடைத்திருந்தால் கட்டிலில் படுத்து ஆடியிருப்பார். விழுந்தாலும் தரையில்தான் விழுந்திருப்பார். தடை கேட்காதீர்கள், டவர் கேளுங்கள்."

— அவன் சொல்றதுலயும் கொஞ்சம் ஞாயம் கீது.

— துரை.

— இல்லண்ணா, பொதுவாச் சொல்றேன். டவர் கேட்டு நாமளும் எத்தனை மனு எழுதுனோம். சரி, நீ அதுக்கு இன்னா எழுதின?

— "கட்டிலில் படுத்திருந்தால் அவன் உயிர் தப்பியிருக்கும். அவன் வாழ்க்கை தப்பியிருக்குமா?"ன்னு எழுதினேன். பெத்த மவ கையைப் புடிச்சி இழுத்தாலும் தெரியாம ஆடினவன் அவன். சாப்பாட்டுத் தட்டை முன்னால வெச்சினு ஈ மொய்க்க ஆடினவன். பெத்தவன் நானே அதை நாலு பேர் பாக்க எழுதினேன். எழுதுறப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீ நெனச்சுப் பாத்தியா?

— அதுக்கு ஆரணி அர்ச்சுனன்னு ஒருத்தரு மாமாவுக்கு ஆதரவா எழுதுனாரு, சின்ன மாமா. நெறைய பேரு சேந்தாங்க. "பெரியவர் பக்கம் ஞாயம் இருக்கு"ன்னு. காளை தனியாப் பூட்டான். அதுக்கு அப்பாலதான் இதை எடுத்தான்.

— எதை?

— அவனும் எங்க வூட்டுக்காரரும் ஒரே டீம்ல ஆடினவங்களாம். அவரோட ஐடி பேரு மலைவேங்கை. காளை போன்ல சிநேகிதங்க பட்டியல்ல அந்தப் பேரு இன்னும் கீதாம். யாராச்சும் அந்த ஐடியில உள்ள வந்தா பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும். எட்டு மாசமா தினமும் எரியுதுன்னு போட்டோ புடிச்சிப் போட்டிருக்கான். "மலைவேங்கை ஆன்லைனில் இருக்கிறார்"னு எழுத்து வருது, பாருங்க.

— எனக்குக் காட்டாத. எனக்கு வேணாம். எங்க வெச்சிருக்கோம் அவனை? கல்லுக்குக் கீழ. அவன் எப்படிம்மா ஆன்லைன்ல கீறான்?

— யாரோ கீறாங்க. அவரு இல்ல.

— நம்ம ஊருப் பசங்க நேத்து மாடு ஓட்டினு அவன் குழிப் பக்கம் போகல, தெரியுமா? சுத்திக்கினு ஓடைப் பக்கமா ஓட்டினு போறானுங்க. ஏன்டான்னா, "புருசோத்து மாமா முழிச்சினு கீறாரு"ன்றானுங்க. காலையில பெரியம்மாள் அண்ணி பாலு ஊத்தப் போனவ ஊத்தாம திரும்பி வந்துட்டா. அவ பெத்த புள்ள குழிக்குப் போக அவளே பயப்படறா.

— என் பொண்டாட்டி பயப்படல. அவளுக்கு முட்டி வலி.

— நீ சொல்லிக்கோ. நான் பாத்தேன் அவ மூஞ்சியை.

— சின்ன மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா? ஐடின்றது போனுக்குள்ள இல்ல. அது எங்கயோ கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல கீது. பாஸ்வேர்டு தெரிஞ்சா எந்த ஊருல இருந்தும், எந்தப் போன்ல இருந்தும் தெறக்கலாம். எவனோ திருடிட்டான்.

— போன்ல இருந்தது போனோட போச்சுன்னுதான நாம பொதச்சோம். நானே சொன்னேன், "அந்தச் சனியனையும் சேத்து வெச்சிடுங்க, இதோட ஆட்டம் ஒழியட்டும்"னு. கொடுவாள், கம்பளி, போனு. மூணையும் நம்ம வழக்கப்படி பொண்டாட்டி கையாலதான் வெச்சாங்க. நீதான வெச்ச?

— நான்தான் வெச்சேன்.

— மஞ்சத் துணியில சுத்தி வெச்ச. துணிக்குள்ள இன்னா இருந்துதுன்னு யாரு பிரிச்சுப் பாத்தா?

— இன்னா சொல்றீங்க?

— கேக்குறேன். வெறும் கவரா, போனா?

— சின்ன மாமா. வாயை அடக்கிப் பேசுங்க. அவரு மார் மேல வெச்சேன். அப்பக்கூட அதுல நாப்பது சதவீதம் சார்ஜ் இருந்துது. எதை எதையோ அமுக்கி நிறுத்திட்டு வெச்சேன். எனக்குத் தெரியும் நான் இன்னா வெச்சேன்னு.

— கோவப்படாத. இது நான் கேக்குற கேள்வி இல்ல, ஊர் கேக்குற கேள்வி. அந்தக் காளை எழுதினதுல இன்னொண்ணு கீதே, அதைப் படி. அவன் ஆட்டம் எப்படின்னு.

— "மலைவேங்கை முன்பெல்லாம் முதல் ஆளாகப் பாய்வான். யாரையும் பார்க்காமல் சுடுவான். இப்போது வருகிறவன் ஒருத்தரையும் சுடுவதில்லை. மைக்கைத் திறப்பதில்லை. எங்களில் யாராவது அடிபட்டு விழுந்தால் ஓடி வந்து தூக்கிவிடுகிறான். குண்டு பொழிகிற இடத்திலும் வந்து தூக்கிவிடுகிறான். எங்கள் டீமில் அவனை டாக்டர் என்று கூப்பிடுகிறோம். பெரியவரே, இது உங்கள் மகன் இல்லையென்றால் யார்?"

— தெரியுதா? சுடத் தெரியாத ஆளு. வாய் தெறந்தா கொரல் காட்டிக்குடுத்துடும்னு பயப்படற ஆளு. வுழுந்தவனைத் தூக்குற ஆளு. இது பொம்பள ஆட்டம்.

— இன்னா ஞாயம் சின்ன மாமா இது? ஆம்பள எவனும் வுழுந்தவனைத் தூக்கமாட்டானா?

— தூக்குவான். ஆனா எட்டு மாசம் தூக்கமாட்டான். ரெண்டாம் நாளே அலுத்துடும்.

— துரை, போதும். அவ பேருல பழி போடுறதுக்கு முன்னால யோசி. தினம் காலையில ஒன்பதரைக்கு நான் இந்தப் பாறைக்கு வர்றேன். மன்றத்துல சேதி படிச்சிட்டு பதினோரு மணிக்குத்தான் எறங்குறேன். ஒரு நாளும் இவளை நான் இங்க பாத்ததில்ல.

— பின்பக்கம் புளியமரத்தாண்டயும் டவர் புடிக்குதுன்னு பசங்க சொல்றானுங்களே. நீ இங்க பேப்பர் படிக்கிற மாதிரி மூக்குல போனை வெச்சினு ஒக்காந்திருப்ப. பின்னால யானை போனாலும் உனக்குத் தெரியாது.

— தெரியும்.

— அண்ணா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? காலையில இருந்து பாக்குறேன். நீ இவளை ஒரு வார்த்தை கேக்கல. நீ ஆடினியான்னு கேக்கல. ஏன்?

— கேக்க அவசியமில்ல. அவ ஆடல.

— அதெப்படி அவ்ளோ திட்டமா?

— என் மருமவ. எனக்குத் தெரியும்.

— கீழ்நாட்டுப் பொண்ணைக் கட்டாதேன்னு அன்னிக்கே சொன்னேன். படவேட்டுல நெல்லு வெளையும், கரும்பு வெளையும், அல்லாம் சரி. நம்ம வழக்கம் வெளையுமா? செத்தவன் பொருளை வூட்டுல ஒருத்தன் தொட்டா, செத்தவன் போக முடியாம வாசல்லயே நிப்பான்னு இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— எனக்குத் தெரியும், சின்ன மாமா. அத்தை சொல்லிக் குடுத்தாங்க. அவரோட சட்டையைக்கூட நான் தொடல. கொழந்த கேட்டா, அப்பா சட்டையை மோந்து பாக்கணும்னு. தொடாதேன்னு கையில அடிச்சேன். நாலு வயசுக் கொழந்தையை.

— அப்ப தொட்டவங்களுக்கு இன்னா தண்டனைன்னும் தெரியுமே.

— தெரியும். ஊருக்குள்ள இருக்கக்கூடாது.

— யாரும் நெருப்பு குடுக்கக்கூடாது, தண்ணி குடுக்கக்கூடாது. செத்தா முன்னோர் வரிசையில எடம் கெடையாது. பெரியவன் சின்னவன்னு பாக்குறதில்ல. நம்ம தாத்தாவோட அண்ணன் ஒருத்தரு, செத்த தம்பியோட கோடாலியை எடுத்தாருன்னு ஊரை வுட்டுப் போனாரு. எங்க செத்தாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். இல்லண்ணா?

— தெரியும்.

— பொம்பளையா இருக்கறதால நாங்க அவ்ளோ கொடுமை பண்ணப்போறதில்ல. ஊர் கூடுறதுக்கு முன்னாலயே நீ பதினோரு மணி பஸ்ஸுல படவேட்டுக்குப் போயிடு. உங்க அப்பா வூட்டுல இரு. கொழந்த நம்ம கொடி. அது இங்க இருக்கும்.

— சுவேதாவை வுட்டுட்டு நான் போவமாட்டேன்.

— போவ வேண்டியது வந்தா போவ. அது இப்பத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் இந்தச் சோதனை. மணி இன்னா?

— ஒன்பது அம்பத்திரண்டு.

— கேட்டுக்கோ. உன் போனு என் பொட்டியில. பொட்டிச் சாவி என் அரணாக்கயித்துல. அண்ணன் போன்ல மன்றத்தை மட்டும் படிச்சினு நீ என் கண்ணு முன்னால ஒக்காந்திருக்க. பத்து மணிக்கு அந்தப் புள்ளி எரிஞ்சிதுன்னா, ஆடுறது நீ இல்ல. மத்தியானம் ஊர் நடுவுல உன் கால்ல நான் வுழுறேன். எரியலன்னா, ஆடுறது நீதான். ஒத்துக்கிறியா?

— ஒத்துக்கிறேன். எரியும், பாருங்க. எவனோ வேலூர்லயோ பெங்களூர்லயோ ஒக்காந்துனு ஆடுறான். அவனுக்கு நாம இங்க ஒக்காந்திருக்கறது தெரியாது. தினம் வர்ற மாதிரி வருவான்.

— நான் இதுக்கு ஒத்துக்கல.

— ஏன்ணா?

— இது சோதனை இல்ல, துரை. சூதாட்டம். ஒரு நாள் எவனோ வரலைன்னா அதை வெச்சு ஒரு பொண்ணை வூட்டை வுட்டு அனுப்புறதா? இன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலா இருக்கலாம். டவர் இல்லாம இருக்கலாம்.

— எட்டு மாசமா வராத காய்ச்சல் இன்னைக்கு வருமா? மாமா, வுடுங்க. நான் பயப்படல. சின்ன மாமா சொல்றது நல்ல வழிதான். மத்தியானத்துக்குள்ள என் பேரு சுத்தமாயிடும்.

— நீ சும்மா இரு, ரேணுகா.

— ஏன் மாமா என் மேலயே கோவிக்கிறீங்க?

— போனைக் குடு. அந்தக் காளைக்கு நானே பதில் எழுதறேன். கீழ அந்தக் கல்லாண்ட ஒக்காந்து எழுதிட்டு வர்றேன். இங்க வெளிச்சம் கூசுது.

— போனு அவ கையிலயே இருக்கட்டும். நீயும் எங்கயும் போகாத. சாட்சி வேணும். நாளைக்கு ஊர்ல எவனாச்சும் "துரைக்கண்ணு தனியா வெச்சு மெரட்டினான்"னு சொல்லக்கூடாது. ஒக்காருண்ணா. இன்னா, பாறையைப் புடிச்சினு நிக்கிற?

— ஏறி வந்த களைப்பு.

— முப்பத்திரண்டு வருசம் ஏறினவன், இந்தப் பாறைக்குக் களைச்சிட்டியா? ஒக்காரு. வெத்தலை போடுறியா?

— வேணாம்.

— மருமவளே, அந்தக் காளை இப்ப இன்னா பண்றான்?

— அவனும் முழிச்சினு கீறான். நேத்து எழுதியிருந்தான், "நாளைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். பத்து மணிக்கு எல்லாரும் வாருங்கள், பச்சைப் புள்ளி எரிகிறதா என்று நான் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்"னு. நூத்தி எழுவது பேரு இப்ப அங்க கீறாங்க.

— அடப்பாவிங்களா. வேலை வெட்டி இல்லையா அவனுங்களுக்கு?

— மன்றத்தை நடத்துற கோகிலவாணி அம்மாவும் வந்திருக்காங்க. "இன்று இதற்கு முடிவு தெரிந்தால்தான் மலைத் தபால் ஐயாவின் பதிவு இருக்கும். பொய்ச் சாவு என்று தெரிந்தால் அவர் எழுதிய அனைத்தையும் எடுத்துவிடுவேன். மனுவுக்கு மன்றம் கொடுத்த ஆதரவையும் எடுத்துவிடுவேன்"னு எழுதியிருக்காங்க.

— பொய்ச் சாவாம். நாலு பேரு தூக்கினோமேம்மா அவனை. என் தோள் இன்னும் வலிக்குது. மணி?

— ஒன்பது அம்பத்தெட்டு.

— கீழ பாரு. சாவடியாண்ட ஆளுங்க சேர ஆரம்பிச்சிட்டானுங்க. ஊர் கூட இன்னும் நேரம் கீது. அதுக்குள்ள வந்துட்டானுங்க. ஒருத்தனும் பேசல பாத்தியா? நம்ம ஊருல நாலு பேரு சேந்தா இங்க வரைக்கும் கேக்கும்.

— பத்து ஆயிடுச்சு.

— எரியுதா?

— காளை எழுதுறான். "பத்து மணி. புள்ளி இல்லை."

— ம்.

— வரும். செல நாள் ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் தள்ளி வரும்னு அவனே முன்ன எழுதியிருக்கான். இருங்க. ... "பத்து மூன்று. இல்லை." யாரோ கேக்குறாங்க, "டாக்டருக்கு இன்று விடுமுறையா?"ன்னு. நெறைய மஞ்ச மூஞ்சி.

— அண்ணா, நீ ஏன் கண்ணை மூடிக்கினே?

— வெயில்.

— மேகம் மூடினு கீது. வெயில் எங்க கீது?

— "பத்து ஏழு. இல்லை." மாமா, நீங்க சொன்ன மாதிரி அவனுக்குக் காய்ச்சலா இருக்குமோ?

— தெரியலம்மா.

— இத்தனை பேரு பாக்குறாங்கன்னு பயந்து வரலையோ? மன்றத்துல எழுதிட்டானே காளை, அதைப் படிச்சிருப்பான். ஆமா, அதான். அவன் மன்றம் படிக்கிறவன். சின்ன மாமா, அதான் வரல. நாளைக்குப் பாக்கலாம். ஒரு நாள் டைம் குடுங்க.

— நாளைக்கும் உன் போனு என் பொட்டியிலதான் இருக்கும். நாளைக்கும் வராது. மணி இன்னா?

— பத்து பன்னெண்டு.

— இன்னா எழுதுறான்?

— "எட்டு மாதத்தில் முதல் முறையாக மலைவேங்கை வரவில்லை. மாட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டிலேயே யாரோதான்."

— கேட்டியா அண்ணா? மூஞ்சி தெரியாத ஒருத்தன், எந்த ஊர்லயோ ஒக்காந்துனு, அவனுக்கே தெரிஞ்சு போச்சு. ஞாயம்னா ஞாயம். இவ போனைப் பூட்டினேன், ஆட்டம் நின்னுது. இதுக்கு மேல இன்னா வேணும்?

— நான் இல்ல, சின்ன மாமா. எம் பொண்ணு மேல சத்தியமா நான் இல்ல.

— கொழந்த மேல சத்தியம் பண்ணாத. ஊர் இதைக் கேட்டா இன்னும் கடுசாப் போவும். எழுந்திரு. பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி கீது. துணியை எடுத்துக்கோ. கொழந்த தூங்குறப்பவே கெளம்பிடு, அழாது.

— மாமா, நீங்க சொல்லுங்க. நான் ஆடலைன்னு காலையில சொன்னீங்களே. இப்பச் சொல்லுங்க.

— நீ ஆடல.

— அவரு சொல்றது பாசத்துல, ரேணுகா. கண்ணால பாத்ததை இன்னா பண்றது? அண்ணா, நீ மனசு தளராத. திங்கக்கெழமை மனு குடுக்கணும். ஊரு உன் பின்னால நிக்கும். "வூட்டுல நடந்த தப்பைக்கூட மறைக்காம தீத்தவன் ரங்கசாமி"ன்னு பேரு வரும். இதுல உன் பேரு ஒசரும், கொறையாது.

— பேரா?

— பின்ன?

— சின்ன மாமா, ஒண்ணு கேக்குறேன். நான் போனை வெக்கலைன்னுதான பிராது? துணிக்குள்ள வெறும் கவர் வெச்சேன்னுதான?

— ஆமா.

— அப்ப தோண்டிப் பாருங்க.

— இன்னா சொன்ன?

— குழியைத் தோண்டிப் பாருங்க. அவரு மார் மேல மஞ்சத் துணி கீது. துணிக்குள்ள போனு கீது. நான் வெச்சது. இருந்தா நான் திருடி இல்ல. எம் பொண்ணு எங்கிட்ட இருக்கட்டும்.

— பைத்தியமா உனக்கு? பொதச்ச மனுசனைத் தெறக்கறதா? பதினேழு மாசம் ஆச்சு. எப்படிக் கெடப்பான்னு தெரியுமா? பொண்டாட்டி நீயே சொல்ற.

— தெரியும். நானே பக்கத்துல நிக்கிறேன். நானே கைய வுட்டு எடுக்கிறேன். அவரைப் பாத்துட்டு அப்பால எனக்குத் தூக்கம் வராது, சோறு எறங்காது, பரவால்ல. கொழந்தையை வுட்டுப் போறதை வுட அது மேலு. தோண்டுங்க.

— அண்ணா, இன்னா சொல்ற? இவ இப்படிக் கேட்டுட்டா அப்பால ஊரும் அதைத்தான் கேக்கும். பாத்துடலாம்னுதான் சொல்லுவாங்க. பயம் புடிச்சவங்க, தெறந்து பாத்தாத்தான் பயம் போவும்.

— தெறக்கக்கூடாது.

— அப்ப இவ பஸ் ஏறட்டும்.

— அதுவும் கூடாது.

— ரெண்டும் கூடாதுன்னா? ரெண்டுல ஒண்ணுதான்ணா கீது. மூணாவது இல்ல.

— சின்ன மாமா, அவருக்குப் பெத்த பாசம், அவரு சொல்லமாட்டாரு. நீங்க ஆளைக் கூப்புடுங்க. கடப்பாரை எங்க வூட்டுப் பின்னால கீது.

— சரி. ஞாயம்னா ஞாயம். பொண்டாட்டியே கேட்டுட்டா. டேய் கீழ யாருடா? ஜீவானந்தமா? டேய் ஜீவா, நாலு ஆளை இட்னு கடப்பாரை மம்முட்டியோட குழியாண்ட...

— கூப்புடாத, துரை. அவனை எழுப்பாத. உன் சோதனைக்கு இங்க ஒக்காந்திருக்கறது அவ மட்டுமில்ல, நானும் ஒக்காந்திருக்கேன். ரேணுகா, அழாத. அது எம் போனு. எங்கிட்டக் குடு. இப்ப மலைவேங்கை வருவான்.